மீன்காரன் மேல் கோபம், வழக்கு உங்கள் மேல்

கல்முனையில் பகல் சாப்பாட்டுக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சாரம் இதுதான். சூரை மீன் கறி சாப்பிட்ட மூன்று பேருக்கு அரை மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, வாந்தி. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மிச்சக் கறியையும் மீனையும் மாதிரி எடுத்தார், இப்போது நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. பக்கத்துக் கடைக்காரர்தான் பி.எச்.ஐ.யை ஏவிவிட்டாராம், மீன்காரன் ஐஸ் போடவில்லையாம், இவர் நன்றாகத்தான் வேகவைத்தாராம். மூவருக்கும் காசு கொடுத்து வழக்கை முடிக்கலாமா என்று கேட்கிறார்.

பக்கத்துக் கடையை விடுங்கள். யார் சொல்லி வந்தாலும் மாதிரியில் இருப்பது மாறாது. "வேகவைத்தேன்" என்பதும் உதவாது. சூரை, ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் பெருகும் பக்டீரியா, இப்படி முகம் சிவந்து உடம்பு அரிக்க வைக்கும் ஹிஸ்டமைன் என்ற பொருளை உண்டாக்கும். பக்டீரியா சாகும், ஹிஸ்டமைன் கொதித்தாலும் பொரித்தாலும் போகாது. மீன் பார்வைக்குப் பழுதில்லாமலே இருக்கும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: உண்ணத் தகாத உணவை விற்றீர்களா?

சரி, இனி காசு விஷயம். என்னிடம் வந்தவர்கள் கைசுட்டுக்கொண்டது பெரும்பாலும் இங்கேதான். நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது அந்த மூவரின் வழக்கு அல்ல. அவர்கள் சாட்சிகள். நீங்கள் உறையில் காசு கொடுத்து "எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிடுங்கோ" என்றால், உணவு வழக்கோடு போகும் விஷயம் சாட்சியைக் கலைத்த குற்றமாகிவிடும். தம்பி முறையானவரை அனுப்பினாலும் அதேதான்.

இன்னொரு பொறி, முதல் தவணையிலேயே "சின்னத் தண்டம்தானே" என்று குற்றத்தை ஒப்புக்கொள்வது. அதே ஒப்புதலைத் தூக்கிக்கொண்டு மூவரும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம், அதற்கு 2 வருடம் வரை அவகாசம் உண்டு. மாதிரியைச் சோதிக்கும் பகுப்பாய்வாளரின் அறிக்கையைப் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள்.

என் கருத்து, நட்டஈட்டைத் தனியாக முடியுங்கள். மருந்துச் செலவு, இரண்டு நாள் கூலி, போய்வந்த ஆட்டோக் காசு. எழுத்தில், உங்கள் சட்டத்தரணி தயாரித்த தாளில், தவறை ஒப்புக்கொள்ளாமல், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியோடு. அந்தத் தாளில் நீதவான் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது.

அந்தக் காசை மீன்காரனிடம் பிறகு கேட்கலாம். பில் இல்லை என்கிறீர்கள், நம்மூரில் யார்தான் மீனுக்குப் பில் எழுதுகிறார்கள்! அன்று காலை அவர் அனுப்பிய குரல் பதிவும், நீங்கள் காசு போட்ட வங்கித் துண்டும் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் இல்லாததைப் பார்த்த உங்கள் சமையல்காரரையும் அதுவரை வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.