அட்டவணைக் கேள்விகளில் கணக்கைக் குறையுங்கள்: ஜிமேட் எழுதும் மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

மன்னார்குடியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் மாதிரித் தேர்வுகளின் முடிவுகளையும் முழுமையாகப் படித்தேன். ஜிமேட் என்னும் மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வில், தரவுகளை ஆராயும் டேட்டா இன்சைட்ஸ் பிரிவில் வரும் டேபிள் அனாலிசிஸ் (அட்டவணைப் பகுப்பாய்வு) கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் வரை செலவாகிறது என்றும், அப்படியும் மூன்று கூற்றுகளில் இரண்டுதான் சரியாக அமைகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணிதத்தில் நீங்கள் பலவீனமானவர் அல்லர் என்பதை உங்கள் குவான்ட் (கணிதப் பிரிவு) மதிப்பெண்ணே காட்டுகிறது. கணக்கே தேவைப்படாத இடத்தில் கணக்குப் போடுவதுதான் உங்கள் நேரத்தைத் தின்கிறது என்று நான் கருதுகிறேன்.

முதலில் களத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைய ஜிமேட் தேர்வில் டேட்டா இன்சைட்ஸ் பிரிவுக்கு 45 நிமிடத்தில் 20 கேள்விகள். சராசரியாக ஒன்றுக்கு இரண்டே கால் நிமிடம். 205 முதல் 805 வரையிலான மொத்த மதிப்பெண்ணில் இந்தப் பிரிவுக்கும் குவான்ட், வெர்பல் (மொழித்திறன்) பிரிவுகளுக்குச் சமமான எடை உண்டு. அட்டவணைக் கேள்வியில் மூன்று கூற்றுகள் தரப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்பது போன்ற இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே மதிப்பெண் கிடைக்கும், இரண்டு சரி என்பதற்குப் பாதி மதிப்பெண் கிடையாது. ஆகவே முதல் இரண்டு கூற்றுகளுக்கு நான்கு நிமிடம் செலவழித்துவிட்டு மூன்றாவதை அவசரத்தில் ஊகிப்பது, முழு உழைப்பையும் வீணாக்கும் வழி.

அட்டவணை திரையில் வந்தவுடன் எண்களைப் படிக்கத் தொடங்காதீர்கள். மேலே உள்ள விளக்கத்தையும், பத்திகளின் (நெடுவரிசைகளின்) தலைப்புகளையும், அவற்றின் அலகுகளையும் மட்டும் பாருங்கள். ஒரு பத்தி எண்ணிக்கையைச் சொல்கிறதா, சதவீதத்தைச் சொல்கிறதா, எதனுடைய சதவீதம் என்பது தெளிவானால் போதும். பிறகு நேராகக் கூற்றுக்குச் செல்லுங்கள். கூற்றைப் படித்த பிறகே எந்தப் பத்தியை வரிசைப்படுத்துவது என்று முடிவு செய்யுங்கள். திரையில் எந்தப் பத்தியையும் வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது, அதைத் தந்திருப்பதற்குக் காரணமும் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கொண்டு ஒரு பயிற்சி அட்டவணை தயாரித்திருக்கிறேன். நெல் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஒரு வாரத்தில் நடந்த கொள்முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர்கள் உண்மையானவை, எண்கள் முழுவதும் கற்பனை.

| நிலையம் | மூட்டைகள் | விவசாயிகள் | சராசரி ஈரப்பதம் (%) | மூட்டைகளில் சன்ன ரகம் (%) |
|---|---|---|---|---|
| ஒரத்தநாடு | 4,820 | 61 | 16.4 | 72 |
| குத்தாலம் | 3,950 | 48 | 17.3 | 55 |
| சீர்காழி | 2,760 | 39 | 18.1 | 38 |
| திருத்துறைப்பூண்டி | 5,310 | 70 | 17.6 | 44 |
| நீடாமங்கலம் | 6,140 | 74 | 16.9 | 66 |
| பாபநாசம் | 4,100 | 40 | 16.2 | 81 |
| வலங்கைமான் | 3,480 | 52 | 17.8 | 61 |

முதல் கூற்று: ‘சராசரி ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் உள்ள நிலையங்களில், பாதிக்கும் மேற்பட்டவற்றில் சன்ன ரகத்தின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டுகிறது.’ இங்கே வரிசைப்படுத்த வேண்டியது ஈரப்பதப் பத்தி, ஏனெனில் கூற்று முதலில் வடிகட்டுவது அதைத்தான். வரிசைப்படுத்தியதும் குத்தாலம், திருத்துறைப்பூண்டி, வலங்கைமான், சீர்காழி ஆகிய நான்கும் ஒன்றாகக் கீழே வந்துவிடும். அவற்றில் 50-ஐத் தாண்டியவை குத்தாலமும் வலங்கைமானும் மட்டுமே. நான்கில் இரண்டு என்பது சரிபாதி, ‘பாதிக்கும் மேல்’ அன்று. விடை இல்லை. ‘மேல்’, ‘குறையாமல்’, ‘அதிகபட்சம்’ என்ற சொற்களை நிதானமாகப் படிக்காதவர்கள் எண்களைச் சரியாகக் கண்டுபிடித்தும் விடையைத் தவறவிடுகிறார்கள். உங்கள் தவறுகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய விடைகளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது: ‘ஒரு விவசாயிக்குச் சராசரியாக மிக அதிக மூட்டைகள் கொள்முதலானது பாபநாசத்தில்.’ இதைக் கண்டதும் திரையில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து ஏழு வகுத்தல்களைச் செய்வதுதான் பலருடைய வழக்கம். பாபநாசத்தில் 4,100 மூட்டைகள், 40 விவசாயிகள். ஒருவருக்கு 100-க்கு மேல். மற்ற நிலையங்களில் விவசாயிகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் மனத்திலேயே இரண்டு பூஜ்யம் சேர்த்துப் பாருங்கள்: ஒரத்தநாட்டில் 6,100, மூட்டைகளோ 4,820, நீடாமங்கலத்தில் 7,400, மூட்டைகளோ 6,140. வேறு எந்த நிலையமும் 100-ஐ எட்டவில்லை என்பது பத்து வினாடியில் தெரிந்துவிடும். கூற்று கேட்பது யார் முதலிடம் என்பதைத்தானே தவிர, சரியான விகிதத்தை அன்று. கால்குலேட்டரைத் திறப்பதற்கு முன்பு, துல்லியமான எண் உண்மையிலேயே தேவைதானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், பாதி நேரம் மிச்சமாகும்.

மூன்றாவது: ‘மூட்டைகளின் இடைநிலை அளவு, அவற்றின் சராசரியைவிடக் குறைவு.’ மூட்டைப் பத்தியை வரிசைப்படுத்தினால் ஏழில் நான்காவதாக நிற்பது பாபநாசத்தின் 4,100. அதுவே இடைநிலை அளவு. சராசரியைக் காண ஏழு எண்களையும் கூட்ட வேண்டியதில்லை. 4,100-க்கு மேலே உள்ள மூன்றும் முறையே 720, 1,210, 2,040 அதிகம். கீழே உள்ள மூன்றும் 150, 620, 1,340 குறைவு. வரிசைப்படி இணை சேர்த்துப் பார்த்தால் மேலே உள்ள விலகல் ஒவ்வொன்றும் கீழே அதற்கு இணையானதைவிடப் பெரியது என்பதால் சராசரி 4,100-க்கு மேலேதான் இருக்கும். விடை ஆம். வரிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் உள்ள இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இதே அட்டவணையில் இன்னும் ஆழமான பொறிகள் உண்டு. சன்ன ரகத்தின் பங்கு பாபநாசத்தில் 81 சதவீதம் என்பதால், சன்ன ரக மூட்டைகளின் எண்ணிக்கையும் அங்கேதான் அதிகம் என்று தோன்றும். நீடாமங்கலத்தின் 6,140-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்றாலே 4,000-ஐத் தாண்டுகிறது. பாபநாசத்திலோ எல்லா ரகமும் சேர்த்தே 4,100தான். பங்கு வேறு, எண்ணிக்கை வேறு. இதே காரணத்தால், அந்தச் சதவீதப் பத்தியின் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்து, அதை மொத்தக் கொள்முதலில் சன்ன ரகத்தின் பங்கு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஈரப்பதத்தை ஏறுவரிசையில் வைத்தால் சன்ன ரகத்தின் பங்கு 81, 72, 66, 55, 44, 61, 38 என்று இறங்குகிறது. வலங்கைமான் மட்டும் விதிவிலக்கு. இரண்டுக்கும் எதிர்மறை ஒட்டுறவு உண்டு என்று கூற்று சொன்னால் ஆம் என்று விடையளிக்கலாம், ஏனெனில் ஒட்டுறவு என்பது ஒட்டுமொத்தப் போக்கு. ஒரு விதிவிலக்கு அதைக் குலைத்துவிடாது. ‘ஈரப்பதம் அதிகமான ஒவ்வொரு நிலையத்திலும் பங்கு குறைவு’ என்று சொன்னால் அந்த ஒரு வரியே போதும், இல்லை என்று குறித்துவிட்டு நகரலாம். ஈரப்பதம்தான் பங்கு குறையக் காரணம் என்று சொன்னால், அதை இந்த அட்டவணை எந்த வகையிலும் நிரூபிக்கவில்லை.

விவசாயக் குடும்பத்தில் பிறந்த உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் வரம்பு என்பதும், அறுவடை நேரத்தில் மழை பெய்தால் தளர்வு கேட்டு டெல்டா முழுவதும் கோரிக்கை எழும் என்பதும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவோடு ‘நான்கு நிலையங்கள் விதியை மீறின’ என்ற கூற்றைப் படித்தால் ஆம் என்று கை போய்விடும். தேர்வு கேட்பதோ, அட்டவணையையும் அதனுடன் தரப்பட்ட விளக்கத்தையும் மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும் என்பதை. விதி அங்கே எழுதப்படவில்லை என்றால், அது உங்களுக்கு உதவாது. தெரிந்த விஷயத்தில் வரும் அட்டவணையைத்தான் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஓர் அட்டவணைக் கேள்விக்கு மூன்று நிமிடத்தை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முடியவில்லை என்றால் உங்களுக்குத் தோன்றும் விடையைக் குறித்து, கேள்விக்கு அடையாளமிட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பிரிவின் இறுதியில் நேரம் மீந்தால் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் கேள்விகளைத் தொடாமலே விட்டால் மதிப்பெண் குறையும்.

பயிற்சிக்கு எம்பிஏ.காம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளை இப்போதே செலவழித்துவிடாதீர்கள்; தேர்வு நெருங்கும்போது அவை தேவைப்படும். அதுவரை தமிழக அரசின் பருவ மற்றும் பயிர் அறிக்கையில் உள்ள மாவட்டவாரியான அட்டவணைகளில் பத்துப் பதினைந்து வரிகளை எக்செலில் தட்டச்சு செய்து, நீங்களே மூன்று கூற்றுகளை எழுதி, மறுநாள் விடையளியுங்கள். கூற்றை எழுதும்போதுதான், எங்கே பொறி வைக்கலாம் என்று யோசிக்கும் மூளை உருவாகும். அதற்குப் பிறகு பிறர் வைத்த பொறி எளிதில் கண்ணில் படும். ஐஐஎம் திருச்சியின் இரண்டாண்டுப் படிப்புக்காக கேட் (CAT) தேர்வையும் எழுதப் போவதாகச் சொன்னீர்கள். அதில் அட்டவணையை வரிசைப்படுத்தும் வசதி கிடையாது. ஆகவே அந்தப் பயிற்சியைத் தாளிலும் பேனாவிலும் தனியாகச் செய்யுங்கள், இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம்.

உங்கள் அப்பா, இதற்காகச் சென்னையில் விடுதியில் தங்கிப் பயிற்சி வகுப்பில் சேர வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இந்த ஒரு வகைக் கேள்விக்காக அந்தச் செலவு தேவையில்லை என்று ஐயாவிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன முறையில் ஒரு மாதம் பயிற்சி செய்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஆன நேரத்தையும், தவறிய கூற்று எந்த வகை என்பதையும் ஒரு நோட்டில் எழுதி அனுப்புங்கள். தவறுகள் அவசரத்தால் வருகின்றனவா, புரியாமையால் வருகின்றனவா என்பது அதில் தெரியும். வகுப்பைப் பற்றி அதை வைத்து முடிவு செய்யலாம்.