வெளியே உட்கார்ந்திருப்பது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளி கபடி அணியில் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவன். போன வாரம் மாவட்டப் போட்டியில் அரையிறுதியில் தோற்றுவிட்டார்கள். அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. ‘விளையாட்டில் இதெல்லாம் ஒரு பாடம்’ என்கிறார்கள் உறவினர்கள். ‘அடுத்த வருஷம் பிளஸ் டூ, இதோடு நிறுத்து’ என்கிறார் என் கணவர். நீங்களும் பள்ளியில் கபடி ஆடியதாக எழுதியிருந்தீர்கள். உண்மையில் அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

நானும் இடது கார்னர்தான். 2003, செம்மண் களம், முழங்காலில் தோல் உரியாத வாரம் கிடையாது.

தலைமைப் பண்பு, கூட்டு மனப்பான்மை என்று பரிசளிப்பு விழாக்களில் பேசுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எங்கள் அணியிலேயே நன்றாக ஆடியவன்தான் எல்லோருடைய டீ காசிலும் கை வைத்தான்.

ஆனால் கபடியில் ஒரு விதி உண்டு. அவுட் ஆனவர் வெளியே போய் வரிசையில் உட்கார வேண்டும். நம் ஆள் எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டு வந்தாலோ, பாடி வருபவரை நம்மவர்கள் பிடித்தாலோ, முதலில் போனவர் முதலில் உள்ளே வருவார். நீ எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் நீயாக எழுந்து வர முடியாது. இன்னொன்று: எதிரணிக் களத்தின் உள்ளே தள்ளி இருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து வந்தால் புள்ளி உண்டு, ஆனால் அந்தப் புள்ளிக்கு வெளியே இருப்பவன் எழ முடியாது.

ஒரு காலிறுதியில் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். உள்ளே எங்கள் ஆட்கள் மூன்று பேர், எதிரணியில் ஏழு பேரும் இருந்தார்கள். பாடிப் போனவனுக்கும் எனக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு சைக்கிள் டியூப், அது இப்போது வேண்டாம். போனான், போனஸ் எடுத்தான், வந்தான். அடுத்த முறையும் போனஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வேணும்னே பண்றான்” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். மூன்றாவது முறை அவர்களுடைய கவரை, அதாவது ஓரத்துக்கு உள்ளே தள்ளி நின்று தடுப்பவனை, தொட்டுவிட்டு வந்தான். நான் உள்ளே போனேன்.

போன வேகத்தில் யாரென்று காட்டிவிட வேண்டும் என்று இருந்தது. எதிராளி பாடி வந்தான். எங்கள் கவர் இன்னும் நகரவில்லை. நான் மட்டும் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தேன். அவன் தாண்டிக் குதித்துப் போய்விட்டான். உள்ளே இருந்தது அரை நிமிடம்கூட இருக்காது. மறுபடி வெளியே, இந்த முறை வரிசையில் கடைசி. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருமே அவுட்டாகி லோனா ஆனது. எல்லோரும் மொத்தமாக உள்ளே வந்தோம், அதில் என்ன பெருமை! தோற்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான். “அவசரப்பட்டுட்டடா” என்றான். நான் போனஸ் விஷயத்தைக் கேட்டேன். “ஏழு பேர் நிக்கிறப்ப தொட உள்ள போனா திரும்ப முடியாதுடா. ரெண்டு போனஸ் எடுத்தா அதைத் தடுக்க முன்னாடி ஏறி வருவாங்க. அப்பத் தொடலாம்னு பார்த்தேன்.” என்னை உள்ளே கொண்டுவரத்தான் அவன் அத்தனையும் செய்திருக்கிறான். வெளியே உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அப்படியா தெரிந்தது?

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். நானும் பிளஸ் டூவில் நிறுத்தினேன். மதிப்பெண் ஒன்றும் கூடவில்லை, பயிற்சி நேரத்தை டிவி எடுத்துக்கொண்டது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், பெரிதாக எடுபடாது என்றுதான் நினைக்கிறேன்.

மகனுக்கு ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கி புரோ கபடிக் கோப்பையை வென்றார். அவரும் கார்னர்தான், வலது பக்கம். பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். அவர் பிடிப்பதைவிட, பிடிக்காமல் நிற்கும் நேரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

‘தோல்விதான் வெற்றிக்குப் படி’ என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள். அந்த வயதில் அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். வீட்டில் பேசாமல் இருப்பது நாலு நாளில் சரியாகிவிடும். அணியில் யாரோடாவது பேசாமல் இருக்கிறானா என்று மட்டும் விசாரியுங்கள்.

அன்புடன்