டாக்டரிடம் கேளுங்கள்: ‘அது விழுந்திருக்கும்’ என்றது யார்?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு வருடமாக நீர்க்கடுப்பு. மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நாள் அடங்குகிறது, அப்புறம் மறுபடி எரிச்சல், அடிவயிற்று வலி, சில நாள் லேசாக ரத்தம். இப்போது ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் 3 செ.மீ. கல் என்று வந்திருக்கிறது. வாழைத்தண்டுச் சாறு குடித்தும் கரையவில்லை. முதல் குழந்தைக்குப் பிறகு கர்ப்பப்பைக்குள் காப்பர் டி (கருத்தடைச் சாதனம்) போட்டிருந்தேன். அதற்கப்புறமும் கர்ப்பமானதால், அது தானாக விழுந்திருக்கும் என்றார்கள். இதைச் சொல்வது அவசியமா என்று தெரியவில்லை.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசியமா என்று தயங்கி எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு வரிதான் அம்மா எனக்கு முக்கியம். மற்றதை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்.

பெண்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வருவது குறைவு. சிறுநீர் அடைப்பில்லாமல் போகிற 34 வயதுப் பெண்ணுக்கு 3 செ.மீ. கல் என்றால், அது எதன் மேல் வளர்ந்தது என்றுதான் முதலில் யோசிப்பேன். நூலைச் சுற்றிக் கற்கண்டு கட்டுவதுபோல, உள்ளே கிடக்கும் பொருளைச் சுற்றி உப்பு படியும். கிருமி சேர்ந்தால் இன்னும் வேகம். சில கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்துக் காரத்தன்மையைக் கூட்டும், அதில் கல் சீக்கிரம் வளரும். மாத்திரைக்கு அடங்கி மறுபடி வருவதும் இதனால்தான். கிருமி அந்தப் பொருளின் மேலேயே குடியிருக்கும், மருந்து அங்கே போய்ச் சேராது.

காப்பர் டி போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கலாம். பால் கொடுக்கும் காலத்தில் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அப்படி வெளியே போனவற்றிலும் மிகச் சிலதுதான் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பைக்குள் நுழையும். (இதைப் படித்துவிட்டு காப்பர் டி போட்டிருக்கும் மற்றவர்கள் பயந்து ஓட வேண்டாம். நல்ல சாதனம்தான்.) என் ஆட்சேபணை வேறு. காப்பர் டியின் நூல் தெரியவில்லை, விழுந்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்றால், ‘விழுந்திருக்கும்’ என்று முடிவு கட்டக் கூடாது. கர்ப்பமாக இருந்ததால் அப்போது எக்ஸ்ரே எடுத்திருக்க மாட்டார்கள், சரி. பிரசவம் முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது அடிவயிற்று எக்ஸ்ரே. இன்று கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எடுங்கள். தாமிரமும் அந்த பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் பேரியமும் படத்தில் பளிச்சென்று தெரியும். ஸ்கேனில் கல்லின் நிழல் அதை மறைத்திருக்கலாம். இருப்பது உறுதியானால் அது முழுக்கச் சிறுநீர்ப்பைக்குள் இருக்கிறதா, பாதி சுவரில் புதைந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனும் சிஸ்டோஸ்கோப்பியும் (சிறுநீர் துவாரம் வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது) சொல்லும். முழுக்க உள்ளே என்றால், முதுகில் ஊசி போட்டு, சிறுநீர் துவாரம் வழியாகவே லேசரால் கல்லை உடைத்து, இடுக்கியால் காப்பர் டியை இழுத்துவிடுவார்கள். வயிற்றில் கத்தி படாது. புதைந்திருந்தால் லேப்ராஸ்கோப்பியோ (சிறு துளை வழி அறுவை) திறந்த அறுவையோ தேவைப்படலாம். அப்போது தையல் ஆறும்வரை சிறுநீர் டியூபோடு ஒரு வாரம், பத்து நாள் இருக்க வேண்டிவரும். எதுவானாலும் முன்னதாக யூரின் கல்ச்சர் பார்த்துக் கிருமியை அடக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உங்களுக்குப் பக்கம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்கள்) பிரிவு இருக்கிறது. வாழைத்தண்டை பொரியலாகச் சாப்பிடுங்கள், அந்தக் கல்லுக்கு அது மருந்தில்லை.

கேள்வி: பெயர், ஊர் வேண்டாம். வயது 27. ஒரு சபலத்தில் மெல்லிய ஒயரை சிறுநீர் துவாரத்தில் விட்டேன், முழுதாக உள்ளே போய்விட்டது. இரண்டு வாரம் ஆகிறது. எரிச்சல், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போகிறது. நிறையத் தண்ணீர் குடித்தால் தானாக வந்துவிடுமா? டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: வராது, தம்பி. ஆண்களின் சிறுநீர்ப் பாதை 20 செ.மீ. அளவு நீளம், நடுவில் வளைவும் உண்டு. சுற்றியுள்ள தசை இறுகும்போது பொருள் உள்பக்கமாகத்தான் நழுவும். சிறுநீர்ப்பை நிரம்பி, சுருங்கி, நிரம்பி, சுருங்கி, ஒயர் அங்கே சுருண்டு முடிச்சும் விழுந்திருக்கும். அதனால் ஊக்கு, கம்பி எதையும் விட்டுத் துழாவாதீர்கள். பாதை கிழிந்தால் பிற்பாடு அது சுருங்கி அடைத்துக்கொள்ளும். ஒயரை எடுப்பது சுலபம், அந்தச் சுருக்கத்தோடு காலம் தள்ளுவதுதான் கஷ்டம்.

எப்படிச் சொல்வது என்கிறீர்கள். ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் ‘நீர்க்கடுப்பு’ என்று மட்டும் சொல்லுங்கள், போதும். உள்ளே டாக்டரிடம், கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியை அப்படியே சொல்லுங்கள். எது, எவ்வளவு நீளம், என்றைக்கு என்ற மூன்றும்தான் அவருக்கு வேண்டும், ஏன் என்பது அப்புறம். யூராலஜியில் இருப்பவர்கள் பென்சில், தெர்மாமீட்டர், மீன் தூண்டில் நரம்பு எல்லாம் பார்த்தவர்கள். முகம் சுளிக்கிற டாக்டர் கிடைத்தால் வேறு டாக்டரிடம் போங்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள். ‘கல் மாதிரி வலி’ என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் கல்லுக்கு மருந்து சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

எக்ஸ்ரேயில் உலோக ஒயர் தெரிந்துவிடும். ஒயரின் உறை மட்டும், மரக்குச்சி, பிளாஸ்டிக் என்றால் எக்ஸ்ரே ஏமாற்றலாம், அப்போது ஸ்கேனோ சிஸ்டோஸ்கோப்பியோ. எடுப்பதும் பெரும்பாலும் அதே பாதை வழியாகத்தான், முடிச்சைத் துண்டாக்கித் துண்டாக்கி. ரொம்பச் சிக்கலானால் அடிவயிற்றில் சிறு துளை. காய்ச்சலும் குளிரும் வந்தாலோ சிறுநீர் நின்றுவிட்டாலோ அன்றிரவே அவசரப் பிரிவு. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உள்ளே போனது பட்டன் பேட்டரி என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்கவே கூடாது, அது சதையை அரித்துவிடும். மனநல மருத்துவரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னால் அதைத் தண்டனையாக நினைக்காதீர்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு யூரின் டியூப் மாற்ற வேண்டும். டியூப் நழுவாமல் உள்ளே பிடித்திருக்கும் பலூன் சுருங்க மறுக்கிறது. வீட்டுக்கு வரும் நர்ஸ், ‘இன்னும் தண்ணீர் ஏற்றி வெடிக்க வைத்துவிடலாம்’ என்கிறார்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். வெடித்த ரப்பர் துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும் ஆறு மாதத்தில் கல்லோடு என்னைப் போன்ற ஒருவரிடம் வருவீர்கள். டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். சிரிஞ்சைப் பொருத்திவிட்டு இழுக்காமல் கொஞ்சம் விடுங்கள், வேகமாக இழுத்தால் பலூனுக்குப் போகும் உள்குழாய் ஒட்டிக்கொள்ளும். அப்படியும் வரவில்லை என்றால் மருத்துவமனை. டியூபை வெட்டுகிற வேலையும் வீட்டில் கூடாது. அங்கே மெல்லிய கம்பியை உள்குழாயில் செலுத்தியோ, ஸ்கேன் பார்த்து அடிவயிற்றில் ஊசி விட்டோ பலூனைக் குத்துவார்கள். அடுத்த முறை பலூனில் சலைன் ஏற்றாமல் டிஸ்டில்டு வாட்டர் ஏற்றச் சொல்லுங்கள். சலைனின் உப்பு படிந்து அந்தக் குழாயை அடைக்கும்.

கேள்வி: போன வருடம் சிறுநீரகக் குழாய்க் கல்லுக்கு லேசர் செய்தார்கள். இன்ஷூரன்ஸுக்காக டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டினால் ‘டி.ஜே. ஸ்டென்ட் உள்ளது’ என்றிருக்கிறது. 11 மாதம் ஆகிவிட்டது. வலி எதுவும் இல்லை. விட்டுவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இந்த வாரமே போங்கள். ஒரு முனை சிறுநீரகத்திலும் மறு முனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டிருக்கும் மெல்லிய குழாய் அது. சாதாரணமாகச் சில வாரத்தில் எடுத்துவிடுவோம், பெரும்பாலான ஸ்டென்ட்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதம்தான் எல்லை. வலி இல்லாததை நம்பாதீர்கள், சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்த ஸ்டென்ட்டுகள் உண்டு. போனவுடன் இழுத்துவிட விடாமல் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். உப்புப் படிந்திருந்தால் இழுக்கும்போது ஒடியும், அதனால் இரண்டு முனையிலும் கல்லை உடைத்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்ததும் கையில் வாங்கிப் பாருங்கள், இரண்டு முனையிலும் சுருள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அங்கேயே கேளுங்கள்.