கதவுக்கு எதுக்குங்க குடுமி?

கேள்வி: மேலூர் பக்கம் எங்க அப்பத்தா வீட்டுக் கதவு வாசப்படியில உரசிக்கிட்டு தொறக்கவே மாட்டேங்குது. பாக்க வந்த ஆசாரி “குடுமி தேஞ்சுருச்சும்மா, கழட்டிட்டு கீல் போட்ருவோம்”ங்கிறாரு. கதவுக்கு ஏதுங்க குடுமி? கீல் போடலாமா?

பதில்: கதவுக்கும் குடுமி உண்டும்மா, ஒண்ணு இல்ல ரெண்டு. சுவரு ஓரமா இருக்குற பலகையில மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு உலக்க நுனி மாதிரி உருட்டா ஒரு துண்டு நீட்டிக்கிட்டு இருக்கும், அதே மரத்துலயே செதுக்குனது, தனியா ஒட்டவெச்சது இல்ல. மேல இருக்குறது நிலையோட மேல்சட்டத் துளைக்குள்ள போயிரும், கீழ இருக்குறது வாசப்படியில தோண்டுன குழியில உக்காந்துக்கும், அம்புட்டுதான், கீலும் கிடையாது திருகாணியும் கிடையாது, மொத்தக் கதவும் அந்த ரெண்டு நுனியிலதான் சுத்துது. குடுமின்னா உச்சி, நுனின்னு அர்த்தம், மலை உச்சியக்கூட குடுமின்னு சொல்றதுண்டு. நம்ம பாண்டிய ராசா ஒருத்தரு பேரே முதுகுடுமிப் பெருவழுதிதான! (சோழியன் குடுமி சும்மா ஆடுமாங்கிற பழமொழிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அது ‘சும்மாடு ஆகுமா’ன்னு இருந்தது மருவிப்போச்சுன்னு சொல்றவங்களும் உண்டு, அது தனிக் கதை.)

இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, தச்சு வேலையில மத்த பொருத்து எல்லாம் இறுக்கமா இருந்தாத்தான் பெருமை. நெடுநல்வாடையில பாண்டியன் அரண்மனை வாசலப் பத்தி சொல்றப்ப “கைவல் கம்மியன் முடுக்கலின் புரை தீர்ந்து”ன்னு வரும், கைதேர்ந்த தச்சன் முடுக்குனதுல இடுக்கே இல்லாம போச்சாம். குடுமி அதுக்கு நேர் எதிரு, கொஞ்சம் லூசா இருந்தாத்தான் சுத்தும், ரொம்ப லூசானா கதவு சாஞ்சுரும், அந்த அளவு ஆசாரி கையில இருக்கு.

உங்க கதவுல தேஞ்சது கீழ்க்குடுமியாத்தான் இருக்கும், பாரம் பூரா அதுமேலதான, வருசக்கணக்கா மண்ணும் தூசியும் குழியில விழுந்து அரைச்சுருக்கும். அதுக்காக உடனே கீல் போடணும்னு இல்ல. பழைய பலகக் கதவு சரியான கனம், நாலு திருகாணி அதத் தாங்குறது செரமம், அதோட கதவ அறுத்து நிலையையும் கொத்தணும், அப்பறம் பழசு திரும்ப வராது. மொதல்ல ரெண்டு ஆளு சேந்து கதவ நேரா மேல தூக்கச் சொல்லுங்க, மேல்துளை ஆழமா இருந்தா கீழ்க்குடுமி குழிய விட்டு வெளிய வந்துரும், அப்பிடியே சாச்சு எடுத்துறலாம். குழியச் சுரண்டி சுத்தம் பண்ணிட்டு அடியில ஒரு இரும்புத் தகடு போட்டு மறுபடி உக்கார வெச்சா கதவு அந்த அளவுக்கு ஒசந்துரும், பாதிப் பேருக்கு இதுலயே சரியாயிரும். மேல்குடுமி துளைக்குள்ள போதுமான அளவு இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. குடுமியே சிம்பு சிம்பா பேந்து போயிருந்தா அந்த நுனிய அறுத்துட்டு நல்ல வைரம் பாஞ்ச மரத்துல புதுத்துண்டு எறக்கி இரும்புப் பூண் போடச் சொல்லுங்க, கூலி கொஞ்சம் கூடத்தான் கேப்பாரு.

கிரீச்சுன்னு சத்தம் வந்தா விளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு போதும், கரண்டி கரண்டியா ஊத்துனா தூசி சேந்து பசையாயிரும்.