3060-ஆ, 4060-ஆ? விவரப் பட்டியலில் எண்கள் குறைந்த 4060 எப்படி வேகமாக ஓடுகிறது?

கேள்வி: பழைய கிராபிக்ஸ் கார்டை மாற்றப்போகிறேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி), ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி) இரண்டும் எனக்கு ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன. விவரப் பட்டியலைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. கூடா கோர் (சிப்பில் கணக்குப் போடும் சிறு அலகு) 3584-இலிருந்து 3072 ஆகிவிட்டது. மெமரி 12-இலிருந்து 8. மெமரி பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் இடையே தரவு போகும் பாதை) 192 பிட்டிலிருந்து 128. எல்லாமே குறைந்த கார்டை எப்படி வேகமானது என்கிறார்கள்? என் மானிட்டர் 1080பி. மதர்போர்டு பழையது, கார்டு மாட்டும் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. பெரும்பாலும் கேம், அவ்வப்போது பிளெண்டர் என்ற 3டி மென்பொருள்.

பதில்: வேகமானதுதான். 1080பி-யில் பல கேம்களின் சராசரியை எடுத்தால் 4060 நொடிக்குச் சுமார் 15 முதல் 20 சதவீதம் அதிக ஃபிரேம் (திரையில் வரும் படம்) தருகிறது. 3060 வந்தது 2021 பிப்ரவரியில், 4060 வந்தது 2023 ஜூனில். இடையில் ஒரு தலைமுறை மாறிவிட்டது. கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் அர்த்தம் உண்டு. தலைமுறை தாண்டிவிட்டால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கோர் எத்தனை என்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 3060-இன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது, அதன் பூஸ்ட் வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸ். 4060-இன் சிப் டிஎஸ்எம்சி-யின் புதிய முறையில் வந்தது, 2.46 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. கோரையும் வேகத்தையும் பெருக்கி, ஒரு சுற்றுக்கு இரண்டு கணக்கு என்பதால் மறுபடி 2-ஆல் பெருக்கினால் 3060-க்கு 12.7 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு லட்சம் கோடி கணக்கு என்பது ஒரு டெராஃப்ளாப்ஸ்), 4060-க்கு 15.1 வரும். வித்தியாசம் சுமார் 19 சதவீதம். கேமில் தெரியும் வித்தியாசமும் அதை ஒட்டியே இருக்கிறது. எல்லா ஜோடிக்கும் கணக்கு இப்படி நேராக வந்து விழாது.

அடுத்தது பஸ். 3060 நொடிக்கு 360 ஜிபி தரவை மெமரியிலிருந்து எடுக்கும், 4060 எடுப்பது 272 ஜிபிதான். ஆனால் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகம் 3060-இல் 3 எம்பி, 4060-இல் 24 எம்பி. அடிக்கடி வேண்டிய தரவு உள்ளேயே கிடைத்துவிடுவதால் மெமரி வரை போகும் தேவை குறைகிறது. 1080பி-யில் இது நன்றாகவே எடுபடுகிறது. 1440பி, 4கே என்று போகப்போக கேஷ் போதாமல், 4060-இன் முன்னிலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

இதுவரை 4060-க்கே சாதகம். கேஷால் ஈடுகட்ட முடியாத ஒன்று இருக்கிறது: மெமரியின் கொள்ளளவு. கேமுக்கு 9 ஜிபி வேண்டும், கார்டில் 8 தான் இருக்கிறது என்றால் மீதி கணினியின் ரேமுக்குப் போய்விடும். அதை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத்தான் இழுத்து வர வேண்டும். உங்கள் பழைய மதர்போர்டு அடி வாங்குவது இங்கேதான். 3060 அந்த ஸ்லாட்டின் 16 லேனையும் (தரவு போகும் தடம்) பயன்படுத்தும், 4060-க்கு 8 லேன் மட்டும். 3.0 போர்டில் 8 லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. மேலே சொன்ன 272-உடன் வைத்துப் பாருங்கள். சராசரி ஃபிரேம் எண்ணில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். திரையில் தெரியும்: கேமராவைத் திருப்பும்போது வெட்டி வெட்டி ஓடும், சுவரும் தரையும் மங்கலாக வந்து சில நொடி கழித்துத் தெளியும். அதனால் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது சராசரியை விட்டுவிட்டு '1 சதவீத லோ' (மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்ற வரியைப் பாருங்கள். அதில் சரிவு இருந்தால் அந்த கேமுக்கு மெமரி போதவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

சரி, எதை வாங்குவது? கேம் மட்டும்தான், டெக்ஸ்சர் (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படம்) அளவை 'அல்ட்ரா'விலிருந்து ஒரு படி இறக்க மனம் இருக்கிறது என்றால் 4060. பிளெண்டர் பக்கம் முடிவு வேறாக வரலாம். காட்சி 8 ஜிபி-க்குள் அடங்கினால் ரெண்டர் செய்வதிலும் 4060-க்கே வேகம் அதிகம், அடங்காவிட்டால் அந்த வேகத்தால் பயனில்லை. இப்போது கையில் இருக்கும் உங்கள் மிகப் பெரிய காட்சியை பிளெண்டரின் ரெண்டர் கருவியான சைக்கிள்ஸில், சிபியு வழியாகவாவது, ஒருமுறை ரெண்டர் செய்யுங்கள். ரெண்டர் சாளரத்தின் மேலே எவ்வளவு மெமரி பிடித்தது, உச்சம் எவ்வளவு என்று ஒரு வரி வரும். 3, 4 ஜிபி என்றால் கவலையில்லை. 7-ஐத் தொட்டால் 3060 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். கணினியிலேயே செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை ஓட்டிப்பார்க்கும் ஆசை இருந்தாலும் இதே பதில்தான். 1300 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரி, 4 பிட்டாகச் சுருக்கிய பிறகும் 8 ஜிபி கார்டில் மூச்சுத் திணறும், 12-இல் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: சில விளம்பர வரைபடங்களில் 4060, 3060-ஐவிட இரண்டு மடங்கு உயரமாக நிற்கிறதே?

பதில்: கீழே பொடி எழுத்தைப் படியுங்கள், 'ஃபிரேம் ஜெனரேஷன் ஆன்' என்று இருக்கும். கார்டு வரைந்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவே கணித்து ஒன்றைச் செருகும் வசதி அது. ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பத்தின் 3-ஆம் பதிப்புடன் வந்தது, 4060-இல் உண்டு, 3060-இல் இல்லை. படம் வழுவழுப்பாகத் தெரியும், உங்கள் மவுஸ் அசைவுக்குப் பதில் மட்டும் வேகமாக வராது, சற்றுத் தாமதமாகவே வரும். ஏற்கெனவே 60 ஃபிரேம் கிடைக்கும் கேமில் போட்டால் அருமை. 25 ஃபிரேமில் திணறும் கேமில் போட்டால் எண் ஏறும், கை இழுக்கும். போதாக்குறைக்கு அதுவும் கொஞ்சம் மெமரி கேட்கும். ஒப்பிடும்போது அதை அணைத்து வைத்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 450 வாட் பவர் சப்ளை போதுமா?

பதில்: 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115. இரண்டுக்குமே என்விடியா 550 வாட் சப்ளை சொல்கிறது. நல்ல தரமான 450 வாட்டில், சாதாரண சிபியுவுடன், 4060 ஓடிவிடும். 3060 வாங்குவதாக இருந்தால் சப்ளையையும் சேர்த்து மாற்றுங்கள். பெயர் தெரியாத சப்ளை என்றால் எந்தக் கார்டானாலும் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: இன்னும் குறைந்த விலையில் ஒரு 3060 கண்ணில் பட்டது. அதையே எடுத்துவிடலாமா?

பதில்: எந்த 3060 என்று பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபி மாடல் ஒன்றும் உண்டு. கோர் எண்ணிக்கை அதேதான், ஆனால் பஸ் 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. 4060-இன் பெரிய கேஷும் அதில் கிடையாது. 12 ஜிபி-க்காகத்தான் பழைய கார்டைத் தேடிப் போகிறோம், அது இல்லாத 3060 எதற்கு? பெட்டியில் '12 ஜிபி' என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய கார்டு என்றால் கணினியில் மாட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மெமரி அளவு 12 ஜிபி, பஸ் 192 பிட் என்று இரண்டும் காட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.