கராத்தேயா, ஜூடோவா, சிலம்பமா: தற்காப்புக்கு எதில் சேரலாம்?

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் ஐடி வேலை. பல நாள் இரவு பத்து மணிக்கு மேல்தான் ஸ்கூட்டியில் வீடு திரும்புகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் கராத்தே, சிலம்பம், ஜூடோ, பாக்ஸிங் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். இரண்டு நாள் கிராவ் மகா முகாம் என்று ஒரு விளம்பரமும் பார்த்தேன். உடற்பயிற்சிப் பழக்கம் கிடையாது. தற்காப்புக்கு எதில் சேரலாம்?

பதில்: பக்கத்திலேயே இருக்கிறது என்றால் ஜூடோ. அந்த வகுப்பு சரியில்லை என்றால் பாக்ஸிங். ஆனால் கலையின் பெயரை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: எதிரே நிற்பவர் உங்களுக்கு விட்டுக்கொடுக்காமல் மோதும் பயிற்சி அங்கே நடக்கிறதா? பாக்ஸிங்கில் அதை ஸ்பாரிங் என்பார்கள், ஜூடோவில் ரண்டோரி. அது இல்லாத இடத்தில் பத்து வருடம் கற்றாலும் கரையில் நின்று நீச்சல் பழகிய கதைதான்.

மணிக்கட்டை ஒருவன் பிடித்தால் என்ன செய்வது என்பது எல்லாத் தற்காப்பு வகுப்பிலும் முதல் நாளே வரும் பாடம். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகத் திருகி இழுத்தால் கை விடுபட்டுவிடும், ஏனென்றால் பிடியில் பலவீனமான இடம் அதுதான். உண்மைதான். ஆனால் வகுப்பில் பிடிப்பவர் சிலை மாதிரி நிற்பார், தெருவில் பிடிப்பவன் இழுப்பான், தள்ளுவான், இன்னொரு கையால் அடிப்பான், அந்த நேரத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கும், கை நடுங்கும், படித்த நுணுக்கத்தில் பாதி மறந்துபோகும். இந்தக் குழப்பத்துக்குப் பழகுவதுதான் பயிற்சி.

ஜப்பானின் ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவை உருவாக்கியபோது அந்த நாட்டின் பழைய சண்டைக் கலையான ஜுஜுத்சுவில் இருந்த ஆபத்தான அடிகளை ரண்டோரியிலிருந்து ஒதுக்கிவைத்தார். கலை மென்மையாகிவிட்டதே என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. மிச்சமிருந்த வீச்சுகளையும் பிடிகளையும் தினமும் முழு பலத்தோடு மோதிப் பழக முடிந்தது. கண்ணைக் குத்து, தொண்டையில் அடி என்று சொல்லித் தரும் இடங்களில் அதை யார்மேல் செய்து பார்ப்பது? உங்களைப் போன்றவர்களுக்கு ஜூடோவைச் சொல்ல இன்னொரு காரணம், பிடித்து இழுப்பதும் கட்டிப்பிடிப்பதும் அதன் அன்றாடப் பாடம். தவிர, முகவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து, தலை தரையில் மோதாமல், கையால் மெத்தையை அறைந்து விழக் கற்றுத் தருவார்கள். ஸ்கூட்டி ஓட்டுகிறவருக்கு அது ஒன்றே போதும், கட்டிய ஃபீஸ் வசூல்.

பாக்ஸிங்கில் கற்பது நாலைந்து குத்துகள்தான், ஆனால் காலை நகர்த்தி விலகவும், முகத்துக்கு நேராகக் கை வரும்போது கண்ணை மூடாமல் இருக்கவும் சில மாதத்தில் வந்துவிடும். மவுத் கார்டு இல்லாமல் ஸ்பாரிங் போடச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கராத்தேயில் இடத்துக்கு இடம் வித்தியாசம் அதிகம். கட்டாவும் (எதிராளி இல்லாமல் தனியாக வரிசையாகச் செய்து காட்டும் அசைவுகள்) பெல்ட் தேர்வும் மட்டும் என்றால் வேண்டாம். கியோகுஷின் போன்ற, நிஜமாகவே அடித்து மோதும் ஃபுல் காண்டாக்ட் பிரிவு என்றால் தாராளமாகச் சேரலாம், அதன் போட்டிகளில் முகத்தில் குத்தமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சிலம்பம் எனக்கு ரொம்பப் பிடித்த கலை, இடைவெளியைக் கணிக்கவும் கால் வைக்கவும் அதைப் போல எதுவும் சொல்லித் தராது. ஆனால் ஆபீசுக்குக் கம்போடு போக முடியாதே! ஆசை இருந்தால் இரண்டாவது கலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிராவ் மகா இஸ்ரேல் ராணுவத்தில் வளர்ந்தது, அதில் நல்ல விஷயங்கள் உண்டு. இரண்டு நாள் முகாமில் அவை கைக்கு வராது, தைரியம் மட்டும் வந்துவிடும், அதுதான் பயம். கத்தியைப் பிடுங்கச் சொல்லித் தந்தால் இன்னும் மோசம். கத்தி வைத்திருப்பவன் பர்ஸைக் கேட்டால் தூக்கி எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தப்பிக்கத் தேவையான அளவுக்குத் தாக்கலாம், விழுந்து கிடப்பவனை மிதிக்க அதில் இடமில்லை. போனில் தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலியைப் போட்டு வையுங்கள், 112 என்ற அவசர உதவி எண்ணும் நினைவிருக்கட்டும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்த வாரமே ஜூடோ வகுப்புக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை, குறிப்பாகப் பெண்களை, மாஸ்டர் எப்படி நடத்துகிறார்? சீனியர் ஒருவர் தோற்கும்போது சிரித்துக்கொண்டே எழுகிறாரா? பார்க்க விடமாட்டோம் என்றாலோ, ஒரு வருடத்தில் பிளாக் பெல்ட் என்றாலோ அடுத்த இடத்தைப் பாருங்கள். பிடித்திருந்தால் ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், தள்ளுபடி தருகிறார்கள் என்று மொத்த வருடத்துக்கும் கட்டிவிடாதீர்கள்.