தொழிற்சாலை ராக் ரெயில் போதுமா?

கேள்வி: ஜீப் ராங்ளர் ரூபிகான் வண்டியுடனேயே வரும் ராக் ரெயில்கள் (கதவுகளுக்குக் கீழே, பாறையின் அடியைத் தாங்குவதற்காக இருபக்கமும் பொருத்தப்படும் உலோகக் குழாய்கள்) பாறைப் பாதைக்குப் போதுமா, வேறு வாங்கிப் பொருத்த வேண்டுமா?

பதில்: மேடு பள்ளமான மண் பாதைகளிலும், எப்போதாவது ஒரு கல் உரசும் இடங்களிலும் அவை தாராளமாகப் போதும்; அழகுக்காகவும் ஏறி இறங்கவும் பொருத்தப்படும் ஃபுட்போர்டுகளோடு அவற்றை ஒப்பிடவே கூடாது. ஆனால் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், இந்த வண்டிக்குப் பெயர் தந்த ரூபிகான் பாதையைப் போல, சுமார் இரண்டு டன் எடையுள்ள வண்டி பாறை விளிம்பில் சறுக்கி, தன் முழுப் பாரத்தையும் பக்கவாட்டில் இறக்கும் இடங்களுக்கு நான் அவற்றை நம்பிப் போகமாட்டேன். காரணம், குழாயின் தடிமனைவிட அது எங்கே பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். தொழிற்சாலை ரெயில் பாடியின் தகட்டோடு போல்ட் செய்யப்பட்டிருப்பதால், பலத்த அடி விழும்போது ரெயில் தாங்கினாலும் அதைப் பிடித்திருக்கும் தகடு மடங்கக்கூடும். சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிணைக்கப்படும் ரெயிலோ அந்த விசையை வண்டியின் எலும்புக்கூட்டுக்கே கடத்திவிடுகிறது. மேலும், தொழிற்சாலை ரெயில் பாடியை ஒட்டியே இருக்கும். சற்று வெளியே நீண்ட ரெயில், பாறையோ மரமோ கதவைத் தொடும் முன்பே வண்டியைத் தள்ளி நிறுத்தும். எடை கூடும் என்பது உண்மைதான். கதவின் அடிவிளிம்பு நசுங்கினால் ஆகும் செலவை எண்ணும்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.